மலைச்சாலை ஸ்கேட்போர்டு பந்தயம்: சென்னையிலிருந்து எங்கே போய்ப் பார்ப்பது?

கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஸ்கேட்போர்டு பழகும் பிள்ளைகள் கூடக்கூட, வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வருகிறது. மலைப்பாதையை மூடிவிட்டு நால்வர் நால்வராக மேலிருந்து கீழே பாயும் டவுன்ஹில் பந்தயத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். அதற்கு ஐரோப்பா போவதா, பிலிப்பைன்ஸ் போதுமா, வீட்டிலேயே நேரலையில் பார்த்துக்கொள்ளலாமா? ஒருவர் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அழைத்துப்போக நினைக்கிறார். இன்னொருவருக்கு மென்பொருள் வேலை. கையில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. மூன்றாமவர் பணி ஓய்வு பெற்றவர். செலவு செய்ய மனம் உண்டு, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை என்கிறார்.

இது ஒலிம்பிக்கில் வரும் ஸ்கேட்போர்டு அல்ல. டோக்கியோவில் அறிமுகமானவை ஸ்ட்ரீட், பார்க் என்ற இரண்டு பிரிவுகள்தான். டவுன்ஹில்லில் வித்தை காட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது. முதலில் கீழே சேர்பவர் வென்றார். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், தோல் உடை, உள்ளங்கையில் கெட்டிப் பிளாஸ்டிக் வில்லை பதித்த கையுறை. பலகையில் பிரேக் இல்லை. நேர்ச்சாலையில் முதுகை வளைத்துக் குறுகி நின்று காற்றைக் கிழித்துப் போகிறார்கள். வளைவு நெருங்கும்போது பலகையைக் குறுக்கே திருப்பி, யூரித்தேன் சக்கரங்களைத் தாரில் தேய்த்து வேகத்தைக் குறைக்கிறார்கள். ஸ்கேட்போர்டில் நின்றபடி எட்டப்பட்ட உச்ச வேகமாகக் கின்னஸில் பதிவானது மணிக்கு 146.73 கி.மீ.; 2017-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லே ஸெபூல்மான் என்ற ஊரின் சரிவில் பீட்டர் கானலி செய்தது. அது தனியாக ஓடிய சாதனை ஓட்டம். பந்தயங்களில் வேகம் சாலையைப் பொறுத்து மாறும்.

முதலில் ஒரு கணக்கு

2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தைப் பார்த்தவர்கள் 'மூடிய சாலைப் பந்தயம்' என்றதும் அதையே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே சுற்று 3.5 கி.மீ.; ஒரே கார் திரும்பத் திரும்ப உங்கள் முன்னால் வந்தது. மலையில் அப்படி இல்லை. மேலிருந்து கீழே ஒரே பாய்ச்சல். உங்களைக் கடந்தவர் அந்தச் சுற்றில் மறுபடி வரமாட்டார்.

64 பேர் தகுதி பெற்ற ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர் ஓட, முதல் இருவர் மேலே போவது வழக்கமான முறை. முதல் சுற்றில் 16 ஓட்டங்கள், பிறகு 8, 4, 2, கடைசியில் இறுதி ஓட்டம் ஒன்று. மொத்தம் 31. நல்ல வளைவில் நின்றால் ஒவ்வோர் ஓட்டமும் பத்து விநாடி கண்ணில் படும். ஆக, ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றால் பார்க்கக் கிடைப்பது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இங்கேயே முடிவெடுத்துவிடலாம்; தவறே இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அது இறுதி நாளுக்கான கணக்கு. அதற்கு முந்தைய பயிற்சி நாள்களில் எல்லோரும் கூட்டங்கூட்டமாகப் பலமுறை இறங்குகிறார்கள். லாரியிலோ வேனிலோ ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவார்கள், மறுபடி இறங்குவார்கள். தோற்று வெளியேறியவர் என்று அன்று யாரும் இல்லை. ஒரு வளைவில் சிறிது நேரம், அடுத்ததில் சிறிது நேரம் என்று நீங்களும் இடம் மாறலாம். நேரில் போவதாக இருந்தால் பயிற்சி நாள்களுக்காகப் போங்கள். இறுதி ஓட்டம் அதற்கு மேல் கிடைக்கும் இலவசம். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது.

எதை வைத்து முடிவு செய்வது?

நான்கு அளவுகோல்கள் போதும். ஒன்று, பந்தயம் கண்ணுக்கு எவ்வளவு கிடைக்கிறது. இரண்டு, டிக்கெட் விலையைத் தாண்டிய செலவு: விசா, விடுப்பு, உடம்பு. மூன்று, கூட வருபவர் யார். நான்காவதுதான் பலரும் யோசிக்காதது: பந்தயம் ரத்தானால் கையில் என்ன மிஞ்சும்? இந்த விளையாட்டில் பெரும் பணம் இல்லை. சாலை மூட அனுமதி கிடைக்காமல் போகலாம், ஆதரவாளர் விலகலாம், மழை கொட்டலாம். சர்வதேச டவுன்ஹில் கூட்டமைப்பின் உலகக் கோப்பை அட்டவணையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. போன ஆண்டு நடந்த மலையில் இந்த ஆண்டும் நடக்கும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது.

வாய்ப்பு 1: வீட்டிலிருந்து நேரலை

யார் எப்போது யாரை முந்தினார், முன்னவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுத் தடை குறைந்த இடத்தில் ஒளிந்துவந்து எங்கே வெளியேறினார் என்பதெல்லாம் திரையில்தான் முழுதாகத் தெரியும். மலையில் நிற்பவருக்கு ஒரு வளைவு மட்டுமே சொந்தம். வென்றவர் பெயரை ஒலிபெருக்கி சொல்லித்தான் அறிவார். நேரமும் வசதி: ஐரோப்பியக் கோடையில் மத்திய ஐரோப்பா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அங்கே காலை பத்து என்றால் இங்கே பகல் ஒன்றரை. பிலிப்பைன்ஸ் இரண்டரை மணி நேரம் முன்னால். காலை எட்டு மணி ஓட்டத்துக்குச் சென்னையில் ஐந்தரைக்கு எழ வேண்டும்.

குறை என்னவென்றால் கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடும். பறக்கும் கேமராவிலிருந்து பார்க்கும்போது மணிக்கு எண்பது கி.மீ. வேகமும் சைக்கிள் ஓட்டம்போல் இருக்கிறது. சக்கரம் தாரில் தேயும் அந்தக் கிறீச்சொலியும் ஒலிவாங்கியில் பாதிதான் சிக்கும். மலைக்காட்டுச் சாலைகளில் இணைப்பு அறுவதும் சகஜம். ஆகவே நேரலை அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் பிற்பாடு வரும் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். செலவு இல்லை, ரத்தானாலும் நட்டம் இல்லை.

வாய்ப்பு 2: பிலிப்பைன்ஸ்

தென்கிழக்கு ஆசியாவில் இந்த விளையாட்டு வேரூன்றிய நாடு இது. 2019 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளை அந்நாடு நடத்தியபோது டவுன்ஹில்லுக்கும் பதக்கம் வைத்தார்கள். தங்கம் வென்ற ஜெய்மி டி லாங்கே பிலிப்பைன்ஸ் அணிக்காரர். செபு, போஹோல் முதலான விசாயா தீவுகளிலும் சர்வதேசப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன.

இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஆகியவை வேண்டும். விசா இல்லை என்பதால் பந்தயம் உறுதியான பிறகே டிக்கெட் எடுக்கலாம். ஐரோப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. என் கணக்கில் இந்த வாய்ப்பின் ஆகப் பெரிய பலமே இதுதான். பருவமும் நமக்கு இணங்குகிறது. டிசம்பர் முதல் மே வரை பொதுவாக மழை குறைவு. தேர்வு முடிந்த ஏப்ரல், மே விடுமுறை அதற்குள் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். சிங்கப்பூரில் நுழைய இந்தியர்களுக்கு விசா வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இரண்டாவது, 15 வயது நிரம்பாத பிள்ளை பெற்றோர் இல்லாமல் சித்தப்பாவுடனோ பயிற்சியாளருடனோ போனால், அதற்கென்று குடிவரவுத் துறையின் தனி அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத விஷயம்.

பந்தயம் ரத்தானால்? செபுவைச் சுற்றிக் கடல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அழுகை பாதியாகக் குறையும்.

வாய்ப்பு 3: ஐரோப்பா, பார்வையாளராக

செக் குடியரசில் துர்னோவ் ஊருக்குப் பக்கத்தில் 744 மீட்டர் உயரமுள்ள கொசாகோவ் என்ற குன்று இருக்கிறது. பிராகிலிருந்து வடகிழக்கே சுமார் 90 கி.மீ. பல ஆண்டுகள் கோடையில் அங்கே நடந்த பந்தயம், ஐரோப்பிய டவுன்ஹில்காரர்களின் திருவிழாவாகவே இருந்திருக்கிறது. வேகத்துக்குப் பெயர்போன சாலை அது. இப்படிப்பட்ட கிராமத்துச் சாலைகளும், மூடினாலும் ஊர் முடங்காத மாற்றுப் பாதைகளும் ஐரோப்பாவில் நிறைய என்பதால் கோடையில் அடுத்தடுத்து பல நாடுகளில் பந்தயம் அமைவதுண்டு.

செலவுப் பட்டியல் நீளமானது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை. கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு. பந்தயம் உறுதியாவதற்கு முன்பே விசா வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது, அதுதான் சங்கடம். காப்பீட்டில் இன்னொரு கண்ணி: வேடிக்கை பார்ப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை, யாரோ பலகையை நீட்டி 'ஓட்டிப் பாருங்கள்' என்று சொல்லி நீங்கள் ஏறி விழுந்தால், சாகச விளையாட்டு விலக்கு என்று கைவிரித்துவிடுவார்கள்.

மலைச்சாலை மூடும் முன்பே மேலே போய்விட வேண்டும். மூடிய பிறகு உணவுக்கோ கழிப்பறைக்கோ இறங்குவது, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே, வளைவைக் கண்காணிக்கும் மார்ஷல் கையசைத்தால்தான். நமக்கு ஜூலை என்றால் புழுக்கம். அங்கே கூடாரத்தில் இரவு குளிரும்.

ஒரே ஒரு பந்தயத்துக்காக, பார்வையாளராக மட்டும் ஐரோப்பா போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராகையும் பார்க்கிற குடும்பப் பயணத்தில் இரண்டு நாளை இதற்கு ஒதுக்குவதாக இருந்தால் சரி. அப்போது ரத்தானாலும் பயணம் வீணில்லை.

வாய்ப்பு 4: ஐரோப்பா, தன்னார்வலராக

இந்தப் பந்தயங்கள் தன்னார்வலர்களின் தோளில்தான் நடக்கின்றன. கொடியோடும் வாக்கி-டாக்கியோடும் வளைவில் நிற்க வேண்டும், வைக்கோல் கட்டுகளை அடுக்க வேண்டும், மேலே போகும் வண்டியில் ஆளையும் பலகையையும் ஏற்ற வேண்டும். பல ஏற்பாட்டாளர்கள் பதிலுக்குச் சாப்பாடும் கூடாரம் போட இடமும் தருகிறார்கள். நான்கைந்து நாள் முழுவதும் இருப்பதால் பயிற்சி, தகுதி, இறுதி எல்லாமே கிடைக்கும். வேலிக்கு உள்ளே, சட்டப்படி அனுமதியோடு, யாரும் நிற்க முடியாத இடத்தில் நிற்பீர்கள். மாலையில் ஓட்டக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். பார்வையாளருக்குக் கிடைக்காத பேச்செல்லாம் அங்கேதான் நடக்கிறது.

விலையும் உண்டு. உங்களுக்கென்று விட்ட வளைவை விட்டு நகர முடியாது. மேலே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. உங்கள் கொடி ஒரு விநாடி தாமதித்தால், விழுந்து கிடப்பவர் மேல் அடுத்தவர் ஏறுவார். இதைப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாதவர்கள் போக வேண்டாம். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத வேலையையும் சில நாடுகள் வேலையாகவே கருதுகின்றன; ஏற்பாட்டாளரிடம் கடிதம் கேட்டு வாங்கித் தூதரகத்தில் விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்குப் பொதுவாக இடமில்லை.

| | நேரலை | பிலிப்பைன்ஸ் | ஐரோப்பா: பார்வையாளர் | ஐரோப்பா: தன்னார்வலர் |
|---|---|---|---|---|
| பந்தயத்தின் போக்கு புரியுமா | முழுதாக | ஒரு வளைவளவு | ஒரு வளைவளவு | வாக்கி-டாக்கி வழியே ஓரளவு |
| வேகம் உறைக்குமா | இல்லை | ஆம் | ஆம் | மற்ற எதையும்விட |
| விசாத் தொல்லை | இல்லை | இல்லை (14 நாள் வரை) | அதிகம் | அதிகம், கூடுதல் கேள்விகளோடு |
| பிள்ளைகளோடு | நல்லது | நல்லது | கடினம் | முடியாது |
| ரத்தானால் மிச்சம் | நட்டமில்லை | கடல் | ஊர் சுற்றல் | புதிய சிநேகிதம், கூடாரம் |

ஏலகிரியில் நடத்தினால் என்ன?

இதைக் கேட்காத வாசகர் இல்லை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. சரிவுக்குக் குறைவா நமக்கு? சிக்கல் சரிவில் இல்லை. ஏலகிரிக்காரர்களுக்குச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதே சாலைதான். ஒரு நாள் மூடுவதென்றால் ஆட்சியர், காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை எல்லோரும் ஒப்ப வேண்டும். வால்பாறைச் சாலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். சாலையின் மேற்பரப்பும் ஒரு காரணம். ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு வேகத்தடையும் சாலையில் பதித்த ஒளிர்குமிழும் எமன்.

விடியற்காலையில் வண்டி வராது, நாங்களே இறங்கிப் பார்க்கிறோம் என்று எழுதிய இளைஞர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். எதிரே பால் வண்டி வரும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கொடி காட்ட ஆள் இல்லாத சாலை, மூடாத சாலை.

எங்கே நிற்பது?

நேரில் போக முடிவெடுத்தவர்களுக்கு, எந்த நாடு என்பதைவிட எந்த வளைவு என்பதே பெரிய தேர்வு. தொடக்கக் கோட்டில் கூட்டம் கூடும். ஆனால் அங்கே நடப்பது தரையைக் காலால் உந்தி ஓடுவது மட்டுமே. முடிவுக் கோடும் அப்படித்தான்: பெரும்பாலும் யார் முந்துவார் என்பது அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். நேர்ச்சாலையில் வேகம் உச்சம். ஆனால் கண் இமைப்பதற்குள் போய்விடுவார்கள்.

நீண்ட நேர்ச்சாலை முடிந்து வரும் முதல் இறுக்கமான வளைவுதான் இடம். வேகம் குறைக்க வேண்டும், ஆனால் பக்கத்திலிருப்பவரைவிடத் தாமதமாகக் குறைக்க வேண்டும். அந்தப் பேரம் நடப்பது அங்கேதான். முந்துவதும் விழுவதும் அங்கேதான். தாரில் சக்கரம் தேய்ந்த வெள்ளைத் தடங்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். முந்தைய நாள் பயிற்சி அந்தத் தகவலை உங்களுக்கு எழுதிவைத்திருக்கும். நிற்பது உள்வளைவின் பக்கம், கரையில் உயரமாக. வெளிவளைவில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்றால் நல்ல படம் கிடைக்கும் என்று தோன்றும். கட்டுப்பாடு இழந்தவர் வந்து சேரும் இடமும் அதுதான், கட்டு நகரும்.

மழை பெய்தால் பிடி குறையும், நேர அட்டவணை மணிக்கணக்கில் இழுபடும். தீவுத்திடலிலும் முதல் நாள் மழை வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது நினைவிருக்கும். மழைக்கோட்டு எடுங்கள், குடை வேண்டாம், காற்றில் பறந்து சாலையில் விழுந்தால் ஓட்டத்தையே நிறுத்த வேண்டிவரும்.

கேட்ட மூவருக்கு

பத்தாம் வகுப்பு மகளின் அப்பாவுக்கு: பிலிப்பைன்ஸ். பெண்கள் பிரிவிலும் இளையோர் பிரிவிலும் ஓட்டம் உண்டா என்று அட்டவணையில் பார்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். தன் வயதொத்தவர்கள் இறங்குவதைப் பார்ப்பது அவளுக்கு வேறு விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பந்தயம் எதுவும் அமையாவிட்டால், வெறும் விடுமுறையை மலைப் பந்தயம் என்று சொல்லி அவளை ஏமாற்ற வேண்டாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

பத்து நாள் விடுப்புக்காரருக்கு: தன்னார்வலராக ஐரோப்பா. போக்குவரத்துக்கு மூன்று நாள் விட்டால்கூடப் பந்தயம் முழுவதும் கிடைக்கும். பணத்தைத் திருப்பித் தரும் கட்டணத்தில் டிக்கெட் எடுங்கள், அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். ஓட்டக்காரர்களுக்கான பதிவு திறந்துவிட்டதா என்று கவனியுங்கள். அது திறக்கும்வரை பந்தயத்தை உறுதி என்று எண்ண வேண்டாம்.

ஓய்வு பெற்றவருக்கு: நேரலை. உள்வளைவின் கரை என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன். அது புல் சரிவு, நாற்காலி போட முடியாது, ஏறி இறங்க வேறு வழியும் இல்லை. பெரிய திரையில், ஒலியைக் கூட்டி, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். யார் யாரை எங்கே முந்தினார் என்று மலையில் நின்ற எங்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.